எட்டு போர்ட் சுவிட்சில் வி-லேன் போட்டாயிற்று, ஆனால் கம்பி வழி கணினிகள் பழைய ஐபியிலேயே நிற்கின்றன

கிங்ஸ்சர்க்கிள்_தம்பி:

வணக்கம். மும்பை மாட்டுங்கா கிழக்கில் சித்தப்பாவின் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுத்தால் கணக்கு சாஃப்ட்வேர் டேலி ஓடும் அதே நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறார்கள். கேமராக்களும் அதிலேயேதான். வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) போட்டு மூன்றாகப் பிரித்துவிடலாம் என்று லேமிங்டன் ரோட்டில் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று வாங்கினேன், பிரவுசரில் திறந்து செட்டிங் மாற்றும் ரகம். ரவுட்டர் மைக்ரோடிக், ஐந்து போர்ட்.

வி-லேன் 10 ஆபீஸ், 20 கேமரா, 30 விருந்தினர்.

போர்ட் 1: ரவுட்டர்
போர்ட் 2: டேலி டேட்டா இருக்கும் கணினி
போர்ட் 3, 4, 5: மேசைக் கணினிகள்
போர்ட் 6: பிரிண்டர்
போர்ட் 7: சாதாரண பிஓஇ சுவிட்ச் (கேபிள் வழியே கேமராவுக்குக் கரண்டும் தருவது), அதற்குப் பின்னால் என்விஆரும் (கேமரா பதிவுப் பெட்டி) நான்கு கேமராக்களும்
போர்ட் 8: வைஃபை ஆக்சஸ் பாயின்ட், இரண்டு எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்)

சுவிட்சில் 10க்கு போர்ட் 2 முதல் 6 வரை அன்டேக்டு (வி-லேன் எண் ஒட்டாமல்), 1உம் 8உம் டேக்டு (எண் ஒட்டி). 20க்கு போர்ட் 7 அன்டேக்டு, 1 டேக்டு. 30க்கு 1உம் 8உம் டேக்டு. ரவுட்டரில் போர்ட்களைச் சேர்க்கும் பிரிட்ஜ் மேல் மூன்று வி-லேன் இன்டர்ஃபேஸ், ஒவ்வொன்றுக்கும் தனி டிஎச்சிபி (ஐபி கொடுப்பது): 192.168.10, 192.168.20, 192.168.30.

இப்போது நடப்பது இதுதான். ஆபீஸ் வைஃபையில் சேர்ந்தால் 10இல் ஐபி வருகிறது, விருந்தினர் வைஃபையில் 30இல் வருகிறது. இரண்டிலும் 8.8.8.8க்கு பிங் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. கம்பியில் இருக்கும் கணினிகள், என்விஆர் எல்லாம் இன்னும் பழைய 192.168.88 எண்ணையே வாங்குகின்றன. மேசைக் கணினியிலிருந்து என்விஆருக்கு பிங் போகிறது, அதாவது எதுவும் பிரியவில்லை. சோதனைக்காக போர்ட் 4ஐ, சுவிட்சில் ஆரம்பத்திலேயே எல்லா போர்ட்டும் இருக்கும் வி-லேன் 1இலிருந்து நீக்கிப் பார்த்தேன். உடனே அந்தக் கணினிக்கு 169.254 என்று ஐபி வந்து எல்லாம் நின்றுவிட்டது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

எங்கே பார்க்க வேண்டும்?

செம்பூர்_கேபிள்காரர்:

தம்பி, நீ எழுதிய அறிகுறிகளே இடத்தைக் காட்டிவிடுகின்றன. வைஃபை இரண்டும் சரியான எண்ணை வாங்குகின்றன என்றால் போர்ட் 1, போர்ட் 8, ரவுட்டரின் வி-லேன்கள், டிஎச்சிபி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆக்சஸ் பாயின்ட் தானே டேக் ஒட்டி அனுப்புகிறது. டேக் இல்லாமல் உள்ளே வருகிறவை மட்டும்தான் தவறான இடத்துக்குப் போகின்றன. உன் சுவிட்சில் பிவிஐடி என்று தனிப் பக்கம் இருக்கும். அங்கே எட்டு போர்ட்டுக்கும் 1 என்றுதான் இருக்கும், போய்ப் பார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிறிய சுவிட்ச் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். 802.1கியூ என்ற தரம் 1998இல் வந்தது. அது செய்வது ஒன்றுதான்: பிரேமில் (கம்பியில் போகும் தரவுப் பொட்டலம்) அனுப்புகிறவரின் மேக் முகவரிக்கு (கருவியின் சொந்த எண்) அடுத்து 4 பைட் செருகுகிறது. முதல் 2 பைட் 8100 என்ற அடையாளம். அடுத்த 2 பைட்டில் 12 பிட் வி-லேன் எண். 12 பிட்டில் 4096 எண் வரும். 0உம் 4095உம் ஒதுக்கப்பட்டவை, அதனால் 1 முதல் 4094 வரை நமக்கு.

உன் மேசைக் கணினி இந்த 4 பைட்டை வைப்பதே இல்லை. அதற்கு வி-லேன் என்றால் என்னவென்று தெரியாது. அப்படி வெறும் பிரேம் வந்தால் அதை எந்த வி-லேனில் சேர்ப்பது என்று சொல்வது பிவிஐடி. அது உள்ளே வரும்போது எடுக்கும் முடிவு. நீ போட்ட டேக்டு, அன்டேக்டு பட்டியல் வெளியே போகும்போது எடுக்கும் முடிவு: இந்த வி-லேன் இந்த போர்ட் வழியே போகலாமா, போனால் டேக்குடனா, கழற்றிவிட்டா. இரண்டும் வேறு வேறு. பெரிய சுவிட்ச்களில் ஆக்சஸ் போர்ட் என்று ஒரு வரி எழுதினால் இரண்டும் சேர்ந்து மாறிவிடும். சின்ன சுவிட்சில் நாம்தான் இரண்டு பக்கத்திலும் போய் மாற்ற வேண்டும்.

இப்போது போர்ட் 4இல் இருக்கும் கணினி ஐபி கேட்கிறது என்று வை. டேக் இல்லாத பிரேம் போர்ட் 4இல் நுழைகிறது. பிவிஐடி 1, ஆகவே அது வி-லேன் 1இல் விழுகிறது. வி-லேன் 1இல் எட்டு போர்ட்டும் இன்னும் அன்டேக்டாக இருக்கின்றன, போர்ட் 1 உட்பட. அதனால் டேக் இல்லாமலே ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டரின் பிரிட்ஜில் பழைய டிஎச்சிபி உட்கார்ந்திருக்கிறது, அது 88இல் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. பதிலும் அதே வழியில் திரும்பி வருகிறது. நீ போட்ட வி-லேன் 10ஐ இந்தப் பேச்சு தொடவே இல்லை.

போர்ட் 4ஐ வி-லேன் 1இலிருந்து எடுத்ததும் 169.254 வந்ததும் இதனால்தான். பிவிஐடி இன்னும் 1. கணினியின் பிரேம் உள்ளே வந்து வி-லேன் 1இல்தான் விழுகிறது, ஆனால் வி-லேன் 1இன் பட்டியலில் போர்ட் 4 இப்போது இல்லை. ரவுட்டரின் பதில் போர்ட் 4 வழியே வெளியே வர வழியில்லை. யாரும் ஐபி கொடுக்காவிட்டால் விண்டோஸ் தானே 169.254இல் ஒன்றை வைத்துக்கொள்ளும்.

போட வேண்டியது: போர்ட் 2 முதல் 6 வரை பிவிஐடி 10, போர்ட் 7க்கு 20, போர்ட் 1க்கும் 8க்கும் 1. முதலில் பிவிஐடி, அப்புறம் 2 முதல் 7 வரை உள்ள போர்ட்களை வி-லேன் 1இலிருந்து நீக்கு. நீ எந்த போர்ட்டில் உட்கார்ந்து மாற்றுகிறாயோ அதைக் கடைசியாக வை, இல்லாவிட்டால் பாதியில் சுவிட்ச் பக்கம் போய்விடும். போர்ட் 7க்குப் பின்னால் சாதாரண சுவிட்ச் இருப்பதில் குற்றமில்லை. அதில் செருகியது எல்லாம் 20க்குள் வரும்.

இன்னொன்று. சில சுவிட்ச்களில் அப்ளை வேறு, சேவ் வேறு. அப்ளை மட்டும் கொடுத்தால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எல்லாம் முடிந்ததும் பவர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்.

தானே_நெட்வொர்க்:

தளம் திறக்காத விஷயத்துக்கு நான் சொல்கிறேன். மைக்ரோடிக்கின் ஆரம்ப ஃபயர்வாலில் இன்புட் பக்கம் கடைசியில் ஒரு விதி இருக்கும்: லேன் என்ற இன்டர்ஃபேஸ் பட்டியலில் இல்லாத எதுவும் ரவுட்டரிடம் பேசக்கூடாது. உங்கள் புது வி-லேன்கள் அந்தப் பட்டியலில் இல்லை. டிஎச்சிபி கொடுக்கும் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி சொல்வது) முகவரி ரவுட்டருடையதாக இருக்கும். கேள்வி ரவுட்டர் வாசலிலேயே டிராப் ஆகிறது. 8.8.8.8க்கான பிங் ரவுட்டரைத் தாண்டிப் போகிற விஷயம், அதற்கு இந்த விதி பொருந்தாது, அதனால் போகிறது.

வி-லேன் 10ஐ லேன் பட்டியலில் சேருங்கள். 30ஐச் சேர்க்காதீர்கள். 30இலிருந்து டிஎன்எஸ்ஸுக்காக வரும் 53ஆம் போர்ட்டை மட்டும், யூடிபி, டிசிபி இரண்டையும், அந்த டிராப் விதிக்கு மேலே அனுமதியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. பிவிஐடி சரியானதும் பிரிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சுவிட்ச் பிரிக்கும், ஆனால் மூன்று வி-லேனும் ஒரே ரவுட்டருக்குத்தான் போகின்றன, ரவுட்டரின் வேலையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவது. ஆரம்ப ஃபயர்வாலின் ஃபார்வர்டு பக்கம் (ரவுட்டரைத் தாண்டிப் போவதைப் பார்ப்பது) வெளி இணையத்திலிருந்து வருவதைத்தான் தடுக்கும். உள்ளே 30இலிருந்து 10க்குப் போவதைத் தடுக்க ஒரு விதியும் கிடையாது. விருந்தினர் வைஃபையில் இருப்பவர் உங்கள் டேலி கணினியின் ஐபியை அடித்தால் இன்றைக்கு வழி திறந்துதான் இருக்கிறது.

ஃபார்வர்டில் எஸ்டாப்ளிஷ்டு (ஏற்கெனவே தொடங்கிய பேச்சை விடுவது), இன்வாலிட் (ஒழுங்கற்றதைத் தடுப்பது) விதிகளுக்குக் கீழே: 10இலிருந்து வெளியே போகலாம். 10இலிருந்து 20க்குப் போகலாம். 30இலிருந்து வெளியே மட்டும். கடைசியில் மீதி எல்லாம் டிராப். 20இலிருந்து 10க்குத் தனி விதி வேண்டாம். மேசையிலிருந்து கேமரா பார்க்கும்போது வரும் பதில் எஸ்டாப்ளிஷ்டு விதியிலேயே வந்துவிடும்.

சயான்_சிசிடிவி:

ஆறு, ஏழு கம்பி உள்ள ஆபீஸுக்கு வி-லேன் 10 எதற்கு? ஆபீஸை இப்போது இருப்பதுபோல் வி-லேன் 1இலேயே, 88இலேயே விட்டுவிடுங்கள். போர்ட் 7க்கு மட்டும் பிவிஐடி 20, விருந்தினர் எஸ்எஸ்ஐடிக்கு 30. அரை மணி நேரத்தில் வேலை முடியும். நான் கடைகளுக்கு இப்படித்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

கேமரா பக்கம் ஒரு விஷயம்: 20ஐ இணையம் இல்லாமல் அடைத்தால் என்விஆரின் கடிகாரம் மெல்ல மெல்ல விலகும். ஏதாவது நடந்து பதிவை எடுத்துக் கொடுக்கும்போது நேரம் தப்பாக இருந்தால் பெரிய தலைவலி. ரவுட்டரையே என்டிபி சர்வராக (சரியான நேரம் சொல்வது) வைத்து, 20இலிருந்து யூடிபி 123ஐ இன்புட்டில் திறந்துவிடுங்கள். வீட்டிலிருந்து போனில் கேமரா பார்க்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டால், என்விஆர் ஐபிக்கு மட்டும் வெளியே போக அனுமதி கொடுங்கள். கேமராக்களுக்கு வேண்டாம்.

கிங்ஸ்சர்க்கிள்_தம்பி:

அண்ணா, அக்கா, மிக்க நன்றி. பிவிஐடி பக்கத்தில் எல்லாமே 1 என்றுதான் இருக்கிறது. போர்ட் 5ஐ மட்டும் மாற்றிப் பார்த்தேன், 192.168.10இல் ஐபி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணினியில் டேலி திறக்கவில்லை. டேட்டா பாதை \\192.168.88.20 என்று எல்லாக் கணினியிலும் கைப்பட எழுதியிருக்கிறது. பிரிண்டரிலும் 88.50 என்று நிரந்தர ஐபி. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமென்றால் சயான் அண்ணா சொன்னபடி வி-லேன் 1இலேயே விடலாமா என்று தோன்றுகிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்) வேறு நெருங்குகிறது. டேலி ஒரு மணி நேரம் நின்றாலும் சித்தப்பா தாங்கமாட்டார்.

செம்பூர்_கேபிள்காரர்:

20 தாண்டட்டும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை வை. போர்ட் 5ஐ இப்போதைக்குப் பழையபடி ஆக்கிவிடு.

சயான் நண்பர் சொன்னது வேலை செய்யும். கடைக்கு நானும் அதையே சொல்வேன். ஆடிட்டர் ஆபீஸுக்குச் சொல்லமாட்டேன். வி-லேன் 1 என்பது யாரும் எதுவும் சொல்லாத போர்ட் போய் விழும் இடம். நாளைக்கு எட்டு போர்ட் போதாமல் பதினாறு போர்ட் சுவிட்ச் வாங்குவாய். யாராவது ரீசெட் பட்டனை அழுத்துவார்கள். ரவுட்டரில் காலியாக இருக்கும் போர்ட்டில் யாராவது எதையாவது செருகுவார்கள். அப்போதெல்லாம் அந்தக் கம்பி நேராக ஆபீஸுக்குள் போய் நிற்கும். சித்தப்பாவின் கணினிகளில் என்ன இருக்கிறது? எத்தனையோ குடும்பங்களின் பான் எண், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், யாருக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கு. அவர்கள் அதை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்ட கம்பி எதுவும் அங்கே போய் விழக்கூடாது, எங்கும் போகாமல் நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க இது போதுமான காரணம்.

டேலி பாதையை மாற்றவே வேண்டாம். 88ஐத் தூக்கி வி-லேன் 10க்குக் கொடுத்துவிடு. ஐபி எண்ணுக்கும் வி-லேன் எண்ணுக்கும் சட்டப்படி ஒரு உறவும் கிடையாது. வி-லேன் 10 என்றால் 192.168.10 என்று வைப்பது நம் ஞாபக வசதிக்கு மட்டும்தான். வி-லேன் 10இன் முகவரி 192.168.88.1 ஆகட்டும். டேலி கணினி 88.20இலேயே இருக்கும், பிரிண்டர் 88.50இலேயே இருக்கும், மேசையில் உட்காருபவருக்கு ஏதோ மாறியது என்றே தெரியாது.

இதைச் செய்யும்போது ரவுட்டரே கைவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது, அதனால் முதலில் பின்வாசல் ஒன்று திறந்துகொள். ரவுட்டரின் ஐந்தாவது போர்ட்டைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடு. அதற்குத் தனியாக 192.168.99.1 கொடு. லேன் பட்டியலில் சேர். அதில் இல்லாவிட்டால் வின்பாக்ஸ் (மைக்ரோடிக் செட்டிங் மாற்றும் சாஃப்ட்வேர்) மேக் முகவரி வழியாகக்கூட உள்ளே விடாது. தானே அம்மா சொன்ன ஃபார்வர்டு விதிகளில் இந்த போர்ட்டிலிருந்து எங்கும் போகலாம் என்று ஒரு வரியை டிராப்புக்கு மேலே எழுது. லேப்டாப்பில் 192.168.99.2 கைப்படப் போட்டு, கேட்வேயாக 99.1 கொடுத்து, அங்கேயே உட்கார். இனி சுவிட்சில், பிரிட்ஜில் என்ன மாற்றினாலும் உன் கம்பி அறுபடாது. வின்பாக்ஸில் சேஃப் மோட் பட்டனையும் அழுத்தி வை. தொடர்பு திடீரென்று போனால் அதற்குப் பிறகு செய்ததை ரவுட்டர் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். முடித்ததும் சேஃப் மோடை ஒழுங்காக அணைத்துவிட்டு வெளியே வா, இல்லையென்றால் செய்த வேலையும் போய்விடும்.

முதலில் சுவிட்சின் சொந்த ஐபியை 192.168.77.2 ஆக்கு, கேட்வே 77.1. ஆக்சஸ் பாயின்டுக்கு 77.3, அதே கேட்வே. கேட்வே இல்லாவிட்டால் 99இலிருந்து கேட்கும் உனக்கு அவற்றால் பதில் சொல்ல முடியாது. ஐபி மாறியதும் அந்தப் பக்கங்கள் மறையும், பதறாதே. அடுத்து ரவுட்டருக்கு வா. வி-லேன் 10இல் நீ போட்ட டிஎச்சிபியை நிறுத்து, அதன் 192.168.10.1 முகவரியை எடு. பிரிட்ஜில் இருக்கும் 88.1ஐ வி-லேன் 10க்கு மாற்று, பழைய டிஎச்சிபி சர்வரின் இன்டர்ஃபேஸையும் பிரிட்ஜிலிருந்து வி-லேன் 10க்கு மாற்று. பிரிட்ஜுக்கு 77.1 கொடு. இப்போது சுவிட்ச் பக்கம் 77.2இல் திறக்க வேண்டும். திறந்தால் பிவிஐடி, அப்புறம் வி-லேன் 1இலிருந்து நீக்குவது, அப்புறம் சேவ். வி-லேன் 1இல் கடைசியில் போர்ட் 1உம் 8உம் மட்டும் மிஞ்சும். அதில் சுவிட்சின் பக்கத்தையும் ஆக்சஸ் பாயின்டின் பக்கத்தையும் தவிர வேறொன்றும் இருக்காது. ரவுட்டரில் பயன்படுத்தாத போர்ட்களை டிசேபிள் செய்துவிடு.

சோதிக்கும்போது லேப்டாப்பை ஒவ்வொரு போர்ட்டிலும் செருகி எந்த எண் வருகிறது என்று பார். போர்ட் 7இல் செருகினால் 20இல் வரவேண்டும், அங்கிருந்து 88.20க்கு பிங் போகக் கூடாது. விருந்தினர் வைஃபையிலிருந்தும் போகக் கூடாது. அதோடு விடாதே. உங்கள் வராண்டாவில் வெளிவாசல் கேமரா இருக்கும், அதன் கேபிள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். அந்தக் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் பார். நான் எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பூட்டுக்கு வெளியே இருக்கும் ஒரே நெட்வொர்க் கம்பி அதுதான்.

எந்த போர்ட் எந்த வி-லேன் என்று ஒரு தாளில் எழுதி, செல்லோடேப் போட்டு மூடி சுவிட்ச் மேலேயே ஒட்டிவிடு. மழைக்காலத்தில் வெறும் தாள் ஊறிப்போய்விடும்.

சயான்_சிசிடிவி:

வராண்டா கேபிள் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். 88ஐ அப்படியே நகர்த்தலாம் என்றால் நான் சொன்ன சுலபவழிக்குத் தேவையே இல்லை.

கிங்ஸ்சர்க்கிள்_தம்பி:

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாற்றியாயிற்று. திங்கட்கிழமை காலை டேலி வழக்கம்போல் திறந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் வைஃபையிலிருந்து பிரிண்டரும் இப்போது தானே தெரிகிறது. வராண்டா கேபிளில் செருகினால் 192.168.20இல் ஐபி, 88.20க்கு பிங் இல்லை, இணையமும் இல்லை. பவரைப் பிடுங்கிச் செருகியும் பார்த்துவிட்டேன்.

ஒரு சின்னக் கேள்வி அண்ணா. விரல் ரேகை வருகைப்பதிவுக் கருவி ஒன்று வருகிறது. வாசல் பக்கம் சுவரில் மாட்டப்போகிறார்கள். மேசைக் கணினியில் இருக்கும் சாஃப்ட்வேர் அதிலிருந்து தினமும் பதிவை இழுக்கும், 4370ஆம் போர்ட் என்கிறார்கள். சுவிட்சில் இடமில்லை. எங்கே செருகுவது?

செம்பூர்_கேபிள்காரர்:

வாசலில் இருக்கும் எதையும் ஆபீஸ் வி-லேனில் சேர்க்காதே. பிஓஇ சுவிட்சில் காலியிடம் இருந்தால் அதில் செருகு, 20க்குள் வந்துவிடும். 10இலிருந்து 20க்குப் போக விதி ஏற்கெனவே இருப்பதால் 4370க்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். கணினிதான் கருவியைத் தேடிப் போகிறது, கருவி கணினியைத் தேடி வருவதில்லை. ஆனால் இந்தக் கருவிகள் சிலவற்றில் பதிவைத் தானே சர்வருக்கு அனுப்பும் வசதியும் இருக்கும். மாட்ட வருபவர் அதை இயக்கிவைத்தால் 20இலிருந்து 10க்குத் திறக்கச் சொல்வார். திறக்காதே, கணினியே இழுக்கட்டும் என்று சொல்லிவிடு.

கருவியின் நிரந்தர ஐபி 192.168.20இல் இருக்கட்டும், டிஎச்சிபி கொடுக்கும் எண்களுக்கு வெளியே. கேட்வேயில் 192.168.20.1 போட்டிருக்கிறார்களா என்று நீயே மெனுவில் பார். மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலியாக இருந்தால் கணினியின் கேள்வி போய்ச் சேரும், கருவிக்கு 88க்குப் பதில் அனுப்ப வழி தெரியாது, சாஃப்ட்வேரில் கனெக்ஷன் ஃபெயில்டு என்று வரும்.